யானைக் குன்று ஏறினோம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலே யூட்டா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தென்கிழக்கு மூலையில், கொலராடோ ஆற்றங்கரையில், மோவாப் என்னும் சிற்றூர் அமைந்திருக்கின்றது. விவிலியத்தில் வரும் மோவாப் நாட்டின் பெயரே இவ்வூருக்கும் வாய்த்தது என்பர். கடல் மட்டத்துக்கு மேலே 4,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றி எத்திசை நோக்கினும் செந்நிறப் பாறைகளே தென்படும். கிழக்கே மட்டும் பனி மூடிய மலைத்தொடர் ஒன்று நிற்கின்றது. அதற்கு லா சால் என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் உப்பு. இந்த உப்பை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

ஆதியிலே மோவாப் மாட்டுப் பண்ணைக்காரரும் பழத்தோட்டக்காரரும் வாழ்ந்த அமைதியான ஊர். 1952ஆம் ஆண்டில் சார்லி ஸ்டீன் என்பவர் அருகிலுள்ள லிஸ்பன் பள்ளத்தாக்கில் வளமான யுரேனியப் படிவம் ஒன்றைக் கண்டெடுத்தார். அன்றுதொட்டு ஊரின் தலைவிதி மாறிற்று. யுரேனியம் தேடி வந்தோர் மலை என்றும் மடு என்றும் பாராமல் பாறைகளை வெட்டிப் பாதை அமைத்தார்கள். யுரேனியத்தின் மவுசு குறைந்தது. அவர்களும் கலைந்து போனார்கள். பாதைகள் மாத்திரம் எஞ்சின. இன்று அப்பாதைகளில் ஜீப்புகளும் உயர்ந்த சில்லுகளையுடைய பிக்கப் லொறிகளும் ஊர்ந்து செல்கின்றன. 1967ஆம் ஆண்டு முதல் உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாட்களில் ஜீப் வைத்திருப்போரெல்லாம் இங்கே திரண்டு வருவது வழக்கமாகிவிட்டது. எமது ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவதைப் போலத்தான். தேர் மட்டுந்தான் இல்லை.

நாம் சென்றது ஐப்பசி மாதத்தில். டென்வர் நகரில் வாழும் எமது மருமகன் தமது பிக்கப் லொறியிலேயே எம்மையும் எமது துணைவியாரையும் ஏறக்குறைய 350 மைல் அழைத்து வந்தார். அவ்வண்டி பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தது. இரண்டாம் கையாக வாங்கப்பட்டது. நான்கு சில்லுகளும் சுழலும் வகையைச் சேர்ந்தது. பின்னச்சிலே பூட்டு ஒன்றும் உண்டு என்று மருமகன் பெருமையோடு சொன்னார். அந்தப் பூட்டே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மோவாபிலிருந்து தெற்கே நாற்பது மைல் சென்று, மேற்கே திரும்பி மேலும் முப்பத்தைந்து மைலளவில் ஓடினால், கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் நீடில்ஸ் பகுதியை அடையலாம். வழியிலே செய்தித்தாள் பாறை என்று பெயர் பெற்ற பாறைச் சுவர் ஒன்று இருக்கின்றது. செவ்விந்தியர் என்று அக்காலத்து நூல்கள் குறித்த இந்நாட்டின் ஆதிக்குடிகள் பல நூற்றாண்டுகளாக அதிலே மான்களையும் மனிதப் பாதங்களையும் சக்கரங்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கறுத்த பாறைத் தோலைக் கொத்தி நீக்க, உள்ளிருக்கும் வெளிர்நிறம் எழுத்தாகத் தெரிகின்றது. எழுதியவர் கருதியது என்னவென்று யாராலும் முற்றாகப் படிக்க முடியவில்லை. நாமும் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியேறினோம்.

நீடில்ஸ் என்றால் ஊசிகள். ஆயிரக்கணக்கான கற்றூண்கள், சிவப்பும் வெண்மையும் மாறி மாறிப் பட்டையிட்டவையாய், வானத்தைத் தைப்பன போல நிமிர்ந்து நிற்கின்றன. நாம் நினைவில் வைக்கச் சொன்ன உப்புக்கு இங்கேதான் வேலை. ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிருந்த உள்நாட்டுக் கடல் மீண்டும் மீண்டும் வற்றியதால் நிலத்தின் கீழே உப்புப் படை தங்கிற்று. மேலே படிந்த பாறையின் பாரம் தாங்காமல் அவ்வுப்பு, பிசைந்த மாவைப் போல மெல்ல மெல்லக் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தை நோக்கி நகர்கின்றது. அடிப்படை நகர, மேலுள்ள பாறை வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிகின்றது. வெடிப்புகளை மழையும் பனியும் அகலப்படுத்த, எஞ்சியவை ஊசிகளாகின்றன. சில இடங்களில் நீண்ட பாளங்கள் அப்படியே கீழிறங்கி, இருபுறமும் சுவரெழுந்த ஒடுங்கிய பள்ளத்தாக்குகளாகிவிட்டன. அவற்றுள் ஒன்றுக்குப் பேயின் சந்து என்று பெயர். அங்கே போவதற்குத்தான் யானைக் குன்றைக் கடக்க வேண்டியிருக்கின்றது.

இப்பூங்கா பிறந்த வரலாற்றிலும் ஜீப்புக்குப் பங்குண்டு. அயலிலுள்ள ஆர்ச்சஸ் பகுதியின் பொறுப்பதிகாரியாக இருந்த பேற்ஸ் வில்சன் என்பவர், இந்நிலத்தைப் பாதுகாக்க வேண்டுமென்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஈற்றில் பெரியவர்களை ஜீப்பில் ஏற்றிக் கொணர்ந்து காட்டத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டில் உள்துறைச் செயலாளர் ஸ்டூவர்ட் யூடால் வந்து கண்டார். 1964ஆம் ஆண்டில் கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா சட்டமாயிற்று. அதற்கு முன்னர் இது மாடுகள் மேய்ந்த நிலம். பூங்காவான பின்னரும் 1975ஆம் ஆண்டுவரை மேய்ச்சல் நடந்தது. மாட்டுக்காரர் தங்கிய குகையொன்றை அடுப்பும் மேசையும் தட்டுமுட்டுகளுமாக இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பூங்கா நிலையத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்றோம். வண்டிக்கு நான்கு சில்லு இயக்கமும் தாழ்ந்த கியரும் உண்டா, அடிப்பாகம் நிலத்திலிருந்து போதிய உயரமா என்று உத்தியோகத்தர் கேட்டறிந்தார். அகப்பட்டுக்கொண்ட வண்டியை இழுத்துவர 1,000 டொலருக்கு மேலும் செல்வதுண்டு என்பதைப் புன்னகை மாறாமலே தெரிவித்தார். வழியில் குடிநீர் கிடையாது. வேண்டிய நீரைச் சுமந்து செல்ல வேண்டும். பாதையை விட்டு ஓரங்குலமும் விலகக் கூடாது. அங்குள்ள மண்ணின் மேற்றோலிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பின்னிப் பிணைந்து, காற்றில் மண் பறவாமல் காக்கின்றன. ஒருமுறை மிதித்தால் அது மீள வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும்.

குன்றடிக்கு வந்ததும் எமது துணைவியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதிலை வண்டி ஏறுமே?” என்றார். அவருடைய ஐயம் நியாயமானதே. யானையின் முதுகைப் போல வழவழத்த பாறை. அதன் விலாவிலே உடைந்த படிக்கட்டுப் போன்ற பாதை. சில இடங்களில் நூறடி செல்ல நாற்பதடி ஏறும் செங்குத்து. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் வெறுவெளி.

வண்டி ஏறிய கதையைச் சொல்லுமுன், பூட்டு இன்னதென்று சொல்லியாக வேண்டும். எம் வாசகருள் மாணவர் பலர் இருப்பதால் சற்று விரித்தே சொல்கிறோம்.

மாட்டு வண்டி மூலையில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு அதிக தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் உருள்கின்றன. அதில் இடைஞ்சல் எதுவுமில்லை. ஏனெனில் ஒவ்வொரு சில்லும் அச்சிலே தன்பாட்டில் சுழல்கின்றது. கோயில் தேரும் அப்படியே. வடம் பிடித்து இழுப்பவர் இருக்க, சில்லுகள் உருண்டாற் போதும். மோட்டார் வண்டியிலோ சில்லுகளே வண்டியைத் தள்ள வேண்டும். எஞ்சினின் சுழற்சியை இரண்டு சில்லுகளுக்கும் கொடுக்கவும் வேண்டும்; வளைவிலே அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடவும் வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்கும் பற்சக்கரக் கூட்டமே டிபரென்ஷல். பிரான்சு நாட்டின் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிபோர் பெக்கர் என்பவர் 1827ஆம் ஆண்டிலேயே, நீராவி வண்டிகளின் காலத்தில், இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார்.

டிபரென்ஷல் மிக்க நடுநிலையுடையது. இரண்டு சில்லுகளுக்கும் என்றும் சம பலத்தையே வழங்கும். அந்த நடுநிலையே பாறையில் அதற்குக் குற்றமாகின்றது. ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றப் பலமே வேண்டியதில்லை. ஆகவே நிலத்தைப் பற்றியிருக்கும் மற்றச் சில்லுக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லாத பலமே கிடைக்கின்றது. தொங்குகிற சில்லு இருமடங்கு வேகத்தில் வீணே சுழல, நிலத்திலுள்ள சில்லு சும்மா நிற்கும். நான்கு சில்லுகளும் சுழலும் வண்டிதானே என்று கேட்கலாம். முன்னே வலப்பக்கமும் பின்னே இடப்பக்கமுமாக, மூலைக்கு மூலை இரண்டு சில்லுகள் பிடியிழந்தால் அந்த வண்டியும் நின்றுவிடும்.

இரண்டு அச்சுகளையும் ஒன்றாகக் கட்டி, இரு சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழலச் செய்வதே பூட்டு. எமது மருமகனின் வண்டியிலே, சாரதி விசையை அமுக்கினால் பின்னச்சின் பெட்டியிலுள்ள சிறு மின்மோட்டார் ஒரு கவையை நகர்த்தும். கவை, பல்லுள்ள வளையமொன்றைத் தள்ளும். வளையத்தின் பல் எதிரிலுள்ள பள்ளத்தில் விழுந்தால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள். அதுவரை சாரதியின் முன்னே சிறு விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருக்கும். விழுந்தபின் நிலையாய் எரியும்.

இனி யானைக் குன்றுக்கு வருவோம். தாழ்ந்த கியரில் முதலிரண்டு வளைவுகளை வண்டி அலுங்காமல் ஏறிற்று. மூன்றாவது இடத்தில் முழங்கால் உயரப் பாறைப் படியொன்று குறுக்கே கிடந்தது. முன்சில்லுகள் ஏறின. பின்புறத்து இடச் சில்லு படியோரத்திலே நிலத்தை விட்டெழுந்து தொங்க, வண்டி ஒருபுறமாகச் சரிந்து நின்றது. அப்போதுதான் மருமகன் விசையை அமுக்கினார். விளக்கு மினுக்கிற்று, மினுக்கிக்கொண்டேயிருந்தது.

“மாமா, பூட்டு இன்னும் விழேல்லை” என்றவர், எஞ்சினைச் சற்றே முடுக்கினார். தொங்கிய சில்லு ஓலமிட்டுச் சுழன்றது. வண்டி ஏறவில்லை. அதற்குப் பதிலாக அதன் பின்புறம், வெறுவெளி இருந்த பக்கமாக, ஒரு சாண் நகர்ந்தது. ஒரு சாண் என்று எழுதுவது எளிது. அப்பொழுது எமக்கு அது ஒரு முழமாகவே தோன்றிற்று. துணைவியார், “தம்பி, நிப்பாட்டு. நாங்கள் இறங்கி நடக்கிறம்” என்றார். மருமகன் பிரேக்கை அழுத்தி, “மாமி, பயப்படாதேங்கோ, சுவர்ப் பக்கத்தாலை இறங்குங்கோ” என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. கை மட்டும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது.

எமக்குப் பின்னே பழைய ஜீப்பொன்றில் வந்த வெண்தாடி முதியவர் ஒருவர் இறங்கி, அவசரமேயில்லாமல் நடந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முதலில் மருமகனை எஞ்சின் வேகத்தை விடச் சொன்னார். பின் பாறைத் துண்டு இரண்டைச் சில்லுகளுக்குப் பின்னே வைத்துக் காலால் இறுக்கிவிட்டு, எம் பக்கம் திரும்பி, ஏன் விழவில்லை தெரியுமா என்று ஒரு வாத்தியாரைப் போல வினவினார். அவர் ஆங்கிலத்தில் விளக்கியதை எமது உவமையிலே சொல்கிறோம்.

பழைய வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை எண்ணிப் பாருங்கள். மாரிகாலத்தில் மரம் ஊறி, கதவு அரை விரற்கடை இறங்கியிருக்கும். தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது. வீட்டிலுள்ள பெண்கள் அதை உதைக்க மாட்டார்கள். கதவை இலேசாகத் தூக்கி, முன்னும் பின்னும் அசைப்பார்கள். தாழ்ப்பாள் தானாகவே விழும். டிபரென்ஷல் பூட்டும் அத்தகையதே. பல் பல்லோடு முட்டி நின்றால் மோட்டார் எவ்வளவு தள்ளினும் பயனில்லை. இரண்டு சில்லுகளுக்கிடையே ஒரு சிறு வேறுபாடு, கடுகளவு சுழற்சி வேண்டும். அப்போது பல் பள்ளத்தின் நேரே வந்து விழும். வண்டி அசையாது நின்றால் அவ்வேறுபாடு பிறப்பதில்லை. நேர்கோட்டிலே சென்றாலும் இரு சில்லுகளும் ஒத்தே உருள்வதால் முட்டிய பல் முட்டியபடியே இருக்கக் கூடும். ஒரு சில்லு கண்மண் தெரியாமல் சுழன்றாலோ பள்ளங்கள் விரைந்து கடந்து போய்விடும். பல் விழ நேரமிராது. விழுந்தாலும் உடைந்துவிடும் ஆபத்துண்டு. மெல்ல உருளுவதும், உருளும்போது ஸ்டியரிங்கை இலேசாக இடமும் வலமும் திருப்புவதுமே வழி.

முதியவர் கல்லை எடுத்தார். மருமகன் வண்டியைப் பின்னோக்கி அங்குலம் அங்குலமாக இறக்கி, நான்கு சில்லுகளும் நிலத்தைத் தொடச் செய்தார். படிக்குக் கீழே நாலைந்து அடி இடமே இருந்தது. அதற்குள் ஸ்டியரிங்கைச் சிறிதே இடப்புறம் ஒடித்து முன்னே ஓரடி. வலப்புறம் ஒடித்துப் பின்னே ஓரடி. இரண்டாம் முறை பின்னே வரும்போது, தாழ்ப்பாள் விழுவதைப் போன்ற சிறு ஒலி எழுந்தது. விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. மருமகன் எம்மை நோக்கிப் பெருவிரலை உயர்த்தினார். அதன்பின் நிகழ்ந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. அதே படி, அதே தொங்கிய சில்லு. ஆயினும் வலப்பக்கத்துச் சில்லு பாறையைக் கவ்விக்கொள்ள, வண்டி கிழட்டு யானை எழுந்திருப்பதைப் போல மெதுவாக மேலே வந்து நின்றது.

படிக்கு முன்னே பூட்டு, பூட்டுக்குப் பின்னே படி என்று முதியவர் மருமகனுக்குச் சொன்னார். பூட்டு மெதுவாய் விழுகின்றதென்று குறைப்படுவோர் பலரைத் தாம் கண்டதாகவும், அவர்களுட் பெரும்பாலோர் மாட்டிக்கொண்ட பின்னரே விசையைத் தேடுவோர் என்றும் சிரித்தார். ஆயினும் எல்லாப் பழியையும் சாரதிமேல் போடுவது நேர்மையாகாது என்பதே எமது கருத்து. பூட்டுக்கும் நோய்கள் உண்டு. குளிரிலே அச்சுப் பெட்டியின் எண்ணெய் தடித்துப் போனால் வளையம் நகரத் தாமதிக்கும். மாதக்கணக்கில் அமுக்கப்படாத விசைக்குப் பின்னே மோட்டாரும் கவையும் ஈரம் கண்டு துருவேறும். ஆகையால் மாதத்துக்கொரு முறையேனும் சரளைக்கல் தெருவில் பூட்டித் திறக்க வேண்டுமாம். பல வண்டிகளில் தாழ்ந்த கியரை முதலில் இட்டாலன்றி விசை கேளாது. வேகம் கூடினாலும் கேளாது. காற்றமுக்கத்தால் இயங்கும் பூட்டுகளும் உண்டு. அவற்றிலே கொம்பிரசர் அமுக்கத்தைச் சேர்க்கும்வரை பொறுக்க வேண்டும். குழாயில் காற்றுக் கசிந்தால் அப்பொறுமைக்கும் பலனில்லை. முதியவரின் ஜீப்பிலோ சாரதியைக் கேளாமலே தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை இருந்தது. அது தார்த் தெருவிலே வளையும்போதெல்லாம் படார் என்று அடிக்குமாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

குன்றின் உச்சி மேசையைப் போல் விரிந்த பாறை. அங்கே நின்று சோறும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் உண்டோம். ஊசிகளின் நடுவிலே கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு இருந்த சுவையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

மறுபுறம் இறங்குவதோ ஏறுவதினும் விசித்திரம். ஒரு வளைவு மிகக் குறுகியதாகையால் வண்டியைத் திருப்ப இயலாது. முன்னோக்கிச் சென்று பாறைத் திட்டொன்றில் ஏறி நின்று, அடுத்த சரிவைப் பின்னோக்கியே இறங்க வேண்டும். மருமகன் கண்ணாடியைப் பார்த்து ஓட்ட, நாம் பின்னே நடந்து கைகாட்டினோம். இதற்குப் பூட்டு வேண்டியதில்லை. அகற்ற விசையைத் திருப்பினார். விளக்கு மறுபடியும் மினுக்கத் தொடங்கிற்று! விழுவதைப் போலவே எழுவதற்கும் அதற்கு நேரம் வேண்டும். அச்சிலே முறுக்கம் தங்கியிருக்கும்வரை பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக்கி, இரண்டடி முன்னும் பின்னும் உருட்டியதும் முறுக்கம் தளர்ந்து விளக்கு அணைந்தது. இம்முறை மருமகன் எவரையும் கேளாமலே அதைச் செய்தார்.

பேயின் சந்து வந்தது. இருபுறமும் செங்குத்துச் சுவர். நடுவே புல்லும் மணலும். அகன்ற வீதியொன்றில் வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு மதில்களை மட்டும் விட்டாற் போன்ற தோற்றம். மணலில் பூட்டின்றியே வண்டி ஓடிற்று. அதன் வடக்கே பாதை முடியுமிடத்தில் வண்டியை நிறுத்தி, அரை மைல் நடந்தோம். திடீரென நிலம் முடிந்தது. காலடியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் அடி ஆழத்தில் கிறீன் ஆறும் கொலராடோ ஆறும் வந்து கலக்கின்றன. 1921ஆம் ஆண்டுவரை இந்தக் கூடலிலிருந்து கீழேதான் கொலராடோ என்ற பெயர் வழங்கிற்று. மேலே இருந்த கிளைக்கு கிராண்ட் என்று பெயர். இரண்டு நிற நீரும் கலக்காமல் சிறிது தூரம் பக்கம் பக்கமாகவே ஓடியதைக் கண்டோம்.

வெயில் சாயுமுன் குன்றைத் திரும்பக் கடக்க வேண்டியிருந்ததால் அங்கே நெடுநேரம் தங்கவில்லை. குன்றடிக்கு வந்ததும், படி எதுவும் கண்ணில் படுமுன்னரே, மருமகன் சமதரையில் வண்டியை மெல்ல உருட்டி, ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்து விசையை அமுக்கினார். “மாமி, விளக்கைப் பாருங்கோ” என்றார். துணைவியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டு குனிந்து பார்த்து, “மினுக்கேல்லைத் தம்பி, ஏறு” என்றார்.